மங்களத்துக்கு முன்னால் எழுந்தவள்

மேலப்பொட்டல் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், மதியப் பூசை முடிந்து, சாப்பிட்ட இலைகள் கோயிலுக்குப் பின்னால் குவிந்து, ஊரே வயிறு நிறைந்து பந்தலுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்த வேளையில், கதை சொல்லிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் மேடையிலேயே செத்துப்போனார், செத்த பிறகும் கதையை நிறுத்தவில்லை. ராஜா மகனைப் பாம்பு கடித்து, விஷம் முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்கு வந்த இடத்தில் அவர் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைக் கம்பியின் மேல் சாய்ந்தார். நாங்கள் அதுவும் கதையில் வருகிற சாய்தல்தான் என்று நினைத்துக் கைதட்டினோம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மேடை ஏறி, நாடி பிடித்துப் பார்த்து, இமையை விலக்கிப் பார்த்து, "முடிஞ்சுபோச்சு" என்று சொல்லி இறங்குவதற்குள் ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, "விஷம் தொண்டையில நிக்குது. ராஜா மகன் பிழைப்பானா, மாட்டானா? மேல கேளுங்க" என்றார். நாங்கள் மேலே கேட்டோம்.

கம்பவுண்டர் ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்தார். நாடி இல்லை, மூச்சு இல்லை, கை ஐஸ் பெட்டியில் வைத்த கை மாதிரி இருந்தது. ஆனால் குரல் மட்டும் இருந்தது, முன்னைவிட நன்றாகவே இருந்தது, அதுவரை அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த இருமல் போயே போய்விட்டது.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் தொடங்கிய கதைக்கு மங்களம் பாடி முடிக்கும்வரை கேட்கிறவர் யாரும் எழுந்திருக்கக் கூடாது, சொல்கிறவரையும் மேடையைவிட்டு இறக்கக் கூடாது. மீறினால் கதையில் நடந்த கெடுதியெல்லாம் மீறினவர் வீட்டுக்கு நடந்து வரும். மங்களம் பாடுகிற பாத்தியதை கதை சொன்னவருக்கு மட்டும்தான். ஆகவே ஒரு பிணத்தை மேடையிலிருந்து தூக்க வேண்டுமென்றால் அந்தப் பிணமே மங்களம் பாடி வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆவுடையப்பனோ ராஜா மகனைப் பிழைக்க வைத்து, அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்து, அவன் பிள்ளைகளை வளர்த்து, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியை மீன்காரன் வீட்டுக்கு மருமகளாக அனுப்பி, பொழுது இறங்குகிற நேரத்தில் புதிதாக ஒரு கதையின் வாசலில் போய் நின்றார்.

செத்தவர் எப்படிப் பேசுகிறார் என்று எங்களில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. பிணம் கிடக்கிற இடத்தில் நடை திறக்க மாட்டேன் என்று பூசாரி சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். பேசுகிறவனுக்கு ஏது தீட்டு என்று விழாக்குழுத் தலைவர் தங்கபெருமாள் கேட்டார். இவர் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர், எந்த வழக்கையும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பிழிந்து எடுத்துவிடுவார். கடைசியில் கோயிலுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு படுதாவைக் கட்டுவது, படுதாவுக்கு அந்தப் பக்கம் அவர் பிணம், இந்தப் பக்கம் அவர் கலைஞர் என்று முடிவானது. பூசாரி சாவியை எடுத்தார்.

அடுத்த கவலை அவர் மனைவி பிரம்மசக்தி. அவளை விதவை என்பதா, சுமங்கலி என்பதா? எங்கள் பெண்கள் குழாயடியில் கூடிப் பேசி, அம்மன் கோயில் தீர்ப்பைவிடத் தெளிவாக ஒரு தீர்ப்பு எழுதினார்கள். தாலி இருக்கலாம், ஆனால் வெளியே தெரியக் கூடாது. பொட்டு கூடாது. பூ கூடாது. இடது கை வளையல்களை உடைத்துவிட வேண்டும், வலது கை வளையல்கள் அவர் மங்களம் பாடும்வரை இருக்கலாம். கல்யாண வீட்டுக்கு அவளைக் கூப்பிட முடியாது, எழவு வீட்டில் ஒப்பாரிக்கும் சேர்க்க முடியாது, ஏனென்றால் அவளுக்கு இன்னும் எழவே விழவில்லை. அவள் இடது கையை நீட்டினாள். பெண்கள் அம்மிக் குழவியால் உடைத்துவிட்டார்கள்.

ஆவுடையப்பன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டிமாடுகளுக்கு லாடம் அடிக்கிறவரின் மகன் அவர். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் கட்டி, குளம்பில் ஆணி இறக்கும்போது அது திமிறும். திமிறுகிற மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் காதுக்குள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பதுதான் சின்ன வயதில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. காக்கா தன் அக்காவைத் தேடிப் போனது, கிணறு கல்யாணம் செய்துகொண்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். மாடு கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டே கிடக்கும், ஆணி இறங்கிவிடும். கதை கேட்கிற உயிருக்கு ஆணி தெரியாது என்பதை அவர் அங்கேதான் கண்டுபிடித்தார், அதற்குப் பிறகு அவருக்கு வேறு தொழிலே பிடிக்கவில்லை.

மேடையில் அவர் உயிராக நினைத்தது கைதட்டலைக்கூட அல்ல. கதை ஒரு விளிம்புக்கு வரும்போது குரலைத் தணித்து, தணித்து, ஒரேயடியாக நிறுத்திவிடுவார். மொத்தப் பந்தலும் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் வாயையே பார்க்கும், பால் குடிக்கிற பிள்ளைகூட மாரை விட்டுவிட்டுத் திரும்பும். அந்த இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சாமி வந்தவர்கள் முகத்தில்கூட அப்படி ஒரு நிறைவை நாங்கள் பார்த்ததில்லை. அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று மேடையிலேயே பல முறை சொல்லியிருக்கிறார். மேடையில் சொல்வதுதானே என்று விட்டுவிட்டோம்.

வீட்டில் அவர் ஊமை. "ஏளா, உப்பு" என்பார் பெண்டாட்டியிடம், "சரி" என்பார், மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பார். கல்யாணமான புதிதில் பிரம்மசக்தி தன்னை இவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அழுதிருக்கிறாள். பிறகு ஒருநாள் பக்கத்து ஊர்க் கொடையில் அவர் கதை சொல்வதைக் கேட்கப் போனாள். கதையில் ஒரு ராணி வந்தாள், அந்த ராணி காய் நறுக்கும்போது சடை நுனியை வாயில் கவ்விக்கொண்டாள், தும்மினால் மூன்று தடவை தும்மினாள், கோபம் வந்தால் கோழிக்குத்தான் ஏச்சு விழுந்தது. இதெல்லாம் தான்தான் என்று பிரம்மசக்திக்குப் புரிந்தபோது அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அத்தனை பேர் நடுவிலும் வெட்கப்பட்டாள். அன்றிலிருந்து அவர் எங்கே கதை சொன்னாலும் முன்வரிசையில் ஒரு கோரைப்பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவர்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் அந்த மேடைக்கும் அந்தப் பாய்க்கும் நடுவில்தான்.

அவர்களுக்குப் பூரணி என்று ஒரு மகள் இருந்தாள். ஐந்து வயசில் ஒரு சித்திரை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குமேல் எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

செத்த ஆவுடையப்பனால் மேலப்பொட்டலுக்கு வாழ்வு வந்தது. எங்கள் ஊரில் நிற்காமல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போன பஸ்களெல்லாம் நின்றன. பந்தல் போய்த் தகரக் கொட்டகை வந்தது, கொட்டகையைச் சுற்றி இட்லிக் கடை, வளையல் கடை, சோடாக் கடை வந்தன, புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் முழுக்க அவர் குரல் ஓடியது. தினமும் காலையில் விழாக்குழு ஆட்கள் அவருக்குச் சந்தனம் பூசி, வேப்பிலைப் புகை போட்டு, எறும்பு ஏறாமல் இருக்க மேடைக்காலைச் சுற்றி மஞ்சள்பொடியால் கோடு போட்டார்கள். மேனி வற்றி, தேங்காய் மட்டை மாதிரி காய்ந்து, ஆளே லேசாகிக்கொண்டு வந்தார். குரல் மட்டும் கனத்துக்கொண்டு போனது.

ஒரு தடவை கோடை மழை கொட்டியபோது கொட்டகை ஒழுகி எல்லோரும் ஓடினோம். ஓடித் திரும்பிப் பார்த்தால் ஆவுடையப்பனின் வாய் பாதி வார்த்தையில் நின்று, தலை மாலைக்குள் கவிழ்ந்து, உடம்பு சரிந்துகொண்டிருந்தது. குடத்தை இறக்கிவைக்க வீட்டுக்குப் போயிருந்த பிரம்மசக்தி அப்போதுதான் நனைந்துகொண்டே வந்து தன் பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவர் நிமிர்ந்து, விட்ட வார்த்தையின் மீதிப் பாதியைச் சொன்னார். கேட்கிற ஆள் ஒன்று இருந்தால் போதும், ஒன்றுகூட இல்லையென்றால் அவரும் இல்லை என்பது அன்றைக்கு எங்களுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

அன்றோடு விழாக்குழு தெருவுக்குத் தெரு முறை வைத்தது. சோற்றுக்கும் தண்ணிக்கும் ஏற்கெனவே ஒளிந்து ஒளிந்து மீறிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டையும் வெளிப்படையாகவே கொஞ்சம் தளர்த்தினோம்: ஒருவர் எழுந்திருக்கலாம், ஆனால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்த பிறகு. கொஞ்ச நாளில் இன்னொருவர் வரத் தாமதமானால் இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்று ஆனது. பஸ்ஸில் துண்டு போட்டால் அந்த இடம் நம்முடையது இல்லையா, அதே நியாயம்தான்.

பிரம்மசக்தி தினமும் மதியம், சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் மெலிகிறபோது, மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்பாள்.

"போதுங்க. மங்களம் பாடிருங்க. நான் ஒங்களைக் குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, நல்லபடியா அனுப்பி வைக்கேன்."

அவர் அவளுக்குப் பதில் சொல்ல மாட்டார். கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்வார். "பாருங்கய்யா, உலகத்துல எல்லாப் பொம்பளையும் புருசன் பிழைக்கணும்னு விரதம் இருப்பா. என் வீட்டுக்காரி நான் சாகணும்னு தினமும் வேண்டிக்கிட்டு நிக்கா!"

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிக்கிற மாதிரித்தான் சொன்னார், அதற்கு நாங்கள் என்ன செய்ய?

ராஜாக்களும் பாம்புகளும் தீர்ந்துபோன பிறகு அவர் வீட்டுக் கதைகளை எடுத்தார். சடை நுனியைக் கவ்விய ராணி காணாமல் போய், பெயர் சொல்லியே பிரம்மசக்தி வந்தாள். முதல் ராத்திரியில் அவள் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது, அவள் அப்பா சாராயத்துக்காக அவள் கொலுசை எடுத்துக்கொண்டு போனது, அவள் தூக்கத்தில் உளறுவது, எல்லாம் வந்தது. அவள் பாயில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டாள். தண்ணீருக்குப் போகும்போது எங்கள் பிள்ளைகள் பின்னாலேயே போய் அவள் உளறுகிற மாதிரி உளறிக் காட்டினார்கள். பிள்ளைகள் என்றால் அப்படித்தான், நாங்களும் ஒரு அதட்டல் போட்டோம்.

அப்புறம் பக்கத்து ஊரான கீழப்பொட்டலில் ஒரு வேப்பமரம் பால் வடிக்க ஆரம்பித்தது. கீழப்பொட்டல்காரர்களுக்கு எப்போதும் எங்களைப் பார்த்து வயிற்றெரிச்சல். இருந்தாலும் பால் நிஜமாகவே வடிந்தது, குடித்தவர்களுக்கு மூட்டுவலி போனது என்றார்கள். பஸ்கள் எங்களைத் தாண்டி அங்கே போய் நின்றன. எங்கள் ஆட்களும் காலையில் துண்டைப் போட்டுவிட்டுக் கீழப்பொட்டலுக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வந்து துண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு செத்த மனுஷன் பேசுவதை எத்தனை நாள்தான் கேட்பது?

அவருக்குக் கூட்டம் குறைவது தெரிந்தது. பாதிக் கதையில் குரலைத் தணித்து நிறுத்திப் பார்ப்பார். மூச்சை அடக்க ஆள் இல்லாமல் ஈ பறக்கிற சத்தம்தான் கேட்கும். அப்போது அந்தக் காய்ந்த முகத்தில் வந்த பசியைப் பார்த்துவிட்டுத்தான் பிரம்மசக்தி பயந்திருக்க வேண்டும். ஒருநாள் மதியம் அவள் மேடையே ஏறிவிட்டாள். மைக் அணைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஊர் முழுக்க, கடையிலும் களத்திலும் அடுப்படியிலும், நாங்கள் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டோம்.

"என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பூரணி விசயத்தை மட்டும் சொல்லிராதீய. அது ஒங்கட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"கூட்டம் போகுது, ஏளா."

"போனாப் போகட்டும். நான் இருக்கேம்லா? நான் எந்திரிக்க மாட்டேன். எத்தனை வருசம்னாலும் இந்தப் பாயில இருந்து கேக்கேன்."

"நீ ஒருத்தி கூட்டமா?"

ஸ்பீக்கரில் அவள் குரல் இறங்கி வந்தது. "ஒங்க கால்ல விழுதேன். அந்தப் பிள்ளையை விட்டுருங்க."

"நாளைக்கு மங்களம் பாடுதேன், போ" என்றார் அவர். அவள் நம்பிவிட்டாள்.

மறுநாள் மேலப்பொட்டலில் நிற்க இடமில்லை. கீழப்பொட்டல்காரர்களே பாலை வடியவிட்டு வந்துவிட்டார்கள். அவள் மடியில் புதுவேட்டியையும் சீயக்காயையும் வைத்துக்கொண்டு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஆரம்பித்தார்.

அது ஒரு சித்திரை மாதம், இதே கொடை, இதே மதியம், இதே பாம்பு கடித்த ராஜா மகன் கதை. பூரணிக்குக் காய்ச்சல். வீட்டில் விட ஆள் இல்லாமல் பிரம்மசக்தி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் மடியிலே போட்டுக்கொண்டாள். விஷம் முழங்காலுக்கு ஏறும்போது பிள்ளை, "அம்மா, தண்ணி" என்றது. "சும்மா இரு கண்ணு, அப்பா கதை சொல்லுதாவ, மங்களம் பாடட்டும்" என்றாள். இடுப்புக்கு ஏறும்போது மறுபடியும் கேட்டது. நெஞ்சுக்கு ஏறும்போது உதடு மட்டும் அசைந்தது. ராஜா மகன் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தபோது பந்தல் ஓவென்று ஆர்ப்பரித்தது, மடியில் இருந்த பிள்ளை கனத்தது. அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்கவில்லை, அழவில்லை, முந்தானையால் பிள்ளை முகத்தை மூடி, மங்களம் முடிகிறவரை, எல்லோரும் மேடையை வணங்கி எழுகிறவரை, கால் மரத்து உட்கார்ந்திருந்தாள். தன் புருஷன் மேடையைத் தன்னால் கெடுக்கக் கூடாது என்று இருந்தாள்.

இதை அவர் சொன்ன அழகு இருக்கிறதே! பூரணி குரலில் "அம்மா, தண்ணி" என்று சொன்னபோது அது காய்ந்த கிழவன் தொண்டையிலிருந்து வந்த குரலே இல்லை. ஐந்து வயசுப் பிள்ளையின் காய்ச்சல் குரல், உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம்கூட இருந்தது. எங்கள் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பிள்ளையின் உதடு அசைந்த இடத்தில் அவர் குரலைத் தணித்து, தணித்து, நிறுத்தினார். இரண்டு ஊர் ஜனங்களும் மூச்சு விடவில்லை. அந்த முகத்தில் அன்றைக்கு வந்த நிறைவு அதற்குமுன் எந்த நாளும் வந்ததில்லை.

கதை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து யாரோ "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்கள். பிறகு எல்லோருமே கத்தினோம். அவர் மறுபடியும் சொன்னார். மங்களம் பாடவில்லை.

நாங்கள் எழுந்து வந்து அவளை அடிப்போம் என்றோ, ஆறுதல் சொல்வோம் என்றோ அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ, அப்படியே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டும் செய்யவில்லை. அவள் அருகிலிருந்த பெண்கள் மட்டும் தங்கள் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு தினமும் அதே கதைதான். நாள் ஆக ஆக அவர் அதில் சதை வைத்தார். பிள்ளை கூடுதல் தடவை தண்ணீர் கேட்டது. பக்கத்தில் சோடா குடித்துக்கொண்டிருந்த ஒரு தொப்பைக்காரர் வந்தார், அவர் ஏப்பம் விட்டார், நாங்கள் சிரித்தோம், சிரிக்க வைத்த கையோடு அழவும் வைத்தார். தெருவில் பிரம்மசக்தி போனால் சந்து முனையிலிருந்து பிள்ளைகள், "அம்மா, தண்ணி!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். முதல் தடவை அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் திரும்புவதைப் பார்க்கவே பிறகு தினமும் கத்தினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் ஏன் அந்தப் பாயில் போய் உட்கார்ந்தாள் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம், ரோஷம் கெட்டவள் என்றோம். சந்தனம் அரைத்துக் கொடுக்கப் போகிற பெண் ஒருத்திதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பிள்ளை குரல் வருகிற இடம் நெருங்கும்போது பிரம்மசக்தி இடுப்பை நிமிர்த்தி, மடியைச் சரிசெய்து விரித்துக்கொள்கிறாளாம். அந்தக் குரல் உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

மூட்டுவலி மறுபடியும் வந்தது, பால்மரத்துக்குக் கூட்டம் திரும்பியது. பூரணி கதையும் எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. எந்த இடத்தில் அழ வேண்டும், எங்கே தொப்பைக்காரர் ஏப்பம் விடுவார் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்ததை எதற்கு உட்கார்ந்து கேட்பது? துண்டைப் போட்டோம், போனோம். சாயங்காலம் எடுக்கவும் மறந்தோம். அவள்தான் இருக்கிறாளே, எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்தோம். தகரக் கொட்டகை முழுக்க வரிசை வரிசையாகத் துண்டுகள், வெள்ளை, ஈரிழை, கட்டம் போட்டது, அவற்றுக்கு முன்னால் ஒரு கோரைப்பாய், பாயில் அவள். ஆவுடையப்பன் துண்டுகளைப் பார்த்துக் கதை சொன்னார். ஸ்பீக்கரில் அவர் குரல் ஓடியது, அரவை மில் சத்தம் மாதிரி அதுவும் எங்கள் காதில் விழாமல் போய்விட்டது.

கதை நின்றது அடுத்த சித்திரையில். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் தங்கபெருமாளும் நாங்கள் சிலரும் நிழலில் நின்று கீழப்பொட்டல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். ஸ்பீக்கரில் விஷம் முழங்காலுக்கு ஏறியது. "அம்மா, தண்ணி" என்றது பிள்ளை. அடுத்து, "சும்மா இரு கண்ணு" என்று வர வேண்டும்.

வரவில்லை. அவர் கொஞ்சம் நிறுத்தினார் போலிருக்கிறது, துண்டுகளுக்காக நிறுத்தினார் போலிருக்கிறது. அந்த நிசப்தத்தில் பிரம்மசக்தியின் குரல் கேட்டது.

"இரு கண்ணு, அம்மா கொண்டாரேன்."

வலது கை வளையல்கள் குலுங்குவது மைக்கில் விழுந்தது. பாய் சரசரத்தது.

"ஏளா" என்றார் ஆவுடையப்பன். அது பிள்ளை குரல் இல்லை, ராஜா மகன் குரல் இல்லை, மேடைக் குரலே இல்லை. உப்பு கேட்கிற குரல். "ஏளா, சக்தி, உக்காரு. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. உக்காரு, நான் மங்க..."

அதோடு நின்றது. அத்தனை மாதம் ஓடிய சத்தம் நின்றபோதுதான் அது ஓடிக்கொண்டிருந்ததே எங்கள் காதுக்கு உறைத்தது. நாங்கள் கொட்டகைக்கு ஓடினோம். மேடையில் மாலையும் கொஞ்சம் எலும்பும் வேட்டியும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன, மைக் கம்பி மட்டும் நேராக நின்றது.

அவள் தெருக்குழாயில் செம்பை நிரப்பிக்கொண்டு, தளும்பாமல், மெதுவாக நடந்து வந்தாள். தங்கபெருமாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"மங்களத்துக்கு முன்னால எந்திரிச்சிட்டியே தாயி! புருசனைக் கொன்னுட்டியே! கதையில வந்த கெடுதியெல்லாம் இனி ஒன் வீட்டுக்குல்லா வரும்?"

"அது நான் எந்திரிக்காம இருந்த அன்னைக்கே வந்துட்டு, அண்ணாச்சி" என்றாள். "வழி விடுங்க. பிள்ளை தண்ணி கேக்குது."

அவர் விலகினார். அவள் மேடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயில் உட்காராமல், குனிந்து, பிள்ளையின் தலை இருந்திருக்கக்கூடிய இடத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கோரை அதை உறிஞ்சிக்கொண்டது. செம்பு காலியானதும் அவள் மறுபடியும் குழாயடிக்குப் போனாள்.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் வரிசைக்குள் போய் அவரவர் துண்டை அடையாளம் கண்டுபிடித்து எடுத்து, தூசியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். மங்களம் யாரும் பாடவில்லை.